மயோஜெனின் தாளில் ஒரு வரி

போன கிழமை ருஸ்னா எனக்கு வாட்ஸ்அப்பில் சில படங்கள் அனுப்பினாள். நான் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற கல்முனை ஆஸ்பத்திரி இழைய ஆய்வுகூடத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளை அவள். அங்கே புதிதாக அச்சடித்திருக்கிற செய்முறைப் புத்தகத்தைத்தான் படம் பிடித்திருந்தாள். வழுவழுப்பான அட்டை, சுருள் கம்பி, பக்கத்துக்குப் பக்கம் சின்னம். “எவ்வளவு வடிவா அடிச்சிருக்காங்க, பாருங்க மிஸ்” என்று எழுதியிருந்தாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆசையாகத்தான் பார்த்தேன். நாலாவது படத்தில் மயோஜெனின் என்ற பரிசோதனைக்குரிய பக்கம் இருந்தது. அதில் ஒரு வரி: “கொன்ட்ரோல்: சாதாரண தசை.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உடனே அவளுக்குப் போன் எடுத்தேன்.

“ருஸ்னா, இந்த வரிய ஆரு போட்ட?”

“பழைய தாள்ல இருந்தததான் மிஸ் அப்பிடியே டைப் பண்ணின. அதுல ஆரோ சிவப்பு மையால வெட்டி, பக்கத்துல வேற எழுதியிருந்த. ஒப்பம் இல்லாத திருத்தத்தச் சேக்கப்படாதெண்டு விட்டுட்டாங்க.”

“அந்த ஆரோ நான்தான் புள்ள.”

போனை வைத்துவிட்டேன். அந்த வரியால் ஒரு பிள்ளையின் கையும் ஒரு தாயின் மானமும் என்ன பாடுபட்டன என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பிரஷர் குளிசையைப் போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாய்ந்தமருதிலிருந்து கொழும்புக்குப் போய், விடுதிச் சோற்றைத் தின்று, ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தேன். “இறைச்சி வெட்டவா கொழும்புக்குப் போன? அதுக்கு எங்கட மாக்கட் போதுமே” என்று என் மாமா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. சத்திரசிகிச்சையில் மனித உடம்பிலிருந்து எடுக்கும் துண்டுகளை, என்ன நோய் என்று வைத்தியர் நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காக, வெட்டித் தயார்படுத்துவதுதான் என் வேலை.

துண்டு, அழுகாமல் காக்கும் போமலின் என்ற திரவத்தில் ஊறி வரும். அதைப் பதப்படுத்தி, உருக்கிய மெழுகுக்குள் இருத்தி, தீப்பெட்டியளவு கட்டியாக்குவோம். அந்தக் கட்டியை மைக்ரோடோம் என்ற இயந்திரத்தில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரும். மூச்சு விட்டால் பறக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் சீவ வேண்டும்; கல்முனை வெயிலில் அது என்ன சுகம் என்று கேட்காதீர்கள். சீவலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடிச் சிலைட்டில் ஏந்தி எடுக்க வேண்டும்.

இதில் வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. ஒரு கட்டியைக் கழற்றி மறுபடி மாட்டும்போது அதன் முகம் பழையபடி நேராக அமையாது. நேராகும்வரை சீவுவதெல்லாம் குப்பைக்குத்தான் போகும். அதனால், துண்டு சிறியதென்றால் முதல் தடவையிலேயே உபரியாகச் சில சீவல்களை எடுத்து வைத்துவிட வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் மேலதிகாரி டொக்டர் நவாஸ். நம்மூர் ஆள்தான். கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சத்தம் போட்டு ஏசியதே கிடையாது. நுணுக்குக்காட்டியின் முன் உட்காருமுன் ஒரு மெல்லிய தாளை நாலாக மடித்துக் கண்ணாடி வில்லையைத் துடைப்பார். துடைத்த தாளையும் மடித்துத்தான் குப்பையில் போடுவார். யார் போய் எதைச் சொன்னாலும் தலையை நிமிர்த்தாமல் ஒரே கேள்விதான் கேட்பார்: “எழுத்தில இரிக்கா?” லீவு கேட்டாலும் அதுதான், குளிரூட்டி பழுது என்றாலும் அதுதான். ஒருநாள் தண்ணீர்க் குழாய் வெடித்து வெள்ளம் அவர் சப்பாத்து வரைக்கும் வந்தபோதும் அதையே கேட்டார். நாங்கள் அவர் இல்லாதபோது சிரித்திருக்கிறோம். பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு நின்றுபோனது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. உடம்பிலிருந்து வெட்டிய எதையும் குப்பையில் போடுவது மனதுக்கு ஒப்பாது. சீனி வியாதியில் எடுத்த காலாக இருந்தாலும், ஒரு சின்னக் கட்டியாக இருந்தாலும், கேட்டு வாங்கிக்கொண்டு போய் மையவாடியில் அடக்கிவிடுவார்கள். அதற்காக எங்களிடம் ஒரு பதிவேடு இருந்தது. ரிப்போர்ட் முடிந்த பிறகு, சாடியில் மிச்சம் இருந்தால், ஒப்பம் வாங்கிக்கொண்டு கொடுப்போம். ஆய்வுகூடத்தில் அதற்கு அடக்கப் புத்தகம் என்றே பெயர். டொக்டர் நவாஸுக்கு இது அறவே பிடிக்காது. “நம்மட ஆக்கள் எப்பதான் திருந்தப் போறாங்களோ” என்பார். படித்த மனிதனுக்குத் தன் ஊர்ச் சனத்தைப் பார்த்தால் ஏன் இப்படி வெட்கம் வருகிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இனி அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன்.

வரிப்பத்தான்சேனை ஊர்ப் பெண்பிள்ளை. ஏழு வயது. வலது முன்கையில் ஒரு கட்டி. சத்திரசிகிச்சை வைத்தியர் கட்டியிலிருந்து ஒரு புளியங்கொட்டையளவு துண்டை எடுத்து அனுப்பியிருந்தார். அத்தனை சிறியது என்பதால் முழுவதையும் மெழுகுக் கட்டிக்குள் வைத்தேன். சாடியில் வெறும் போமலின் மட்டும்தான் மிச்சம்.

முதல் சாயத்தில் பார்த்தபோது, சின்னச் சின்ன உருண்டை உயிர்க்கலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நீலமாகத் தெரிந்தன. இது புற்றுநோய் என்பதில் ஐயமில்லை. எந்தப் புற்றுநோய் என்பதுதான் கேள்வி. பிள்ளைகளுக்கு வரும் நாலைந்து வகைகள் பார்வைக்கு இப்படியே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வகை தெரியாமல் வைத்தியம் தொடங்க முடியாது.

அங்கேதான் மயோஜெனின் வருகிறது. அது நம் எல்லாருடைய உடம்பிலும் உள்ள ஒரு பரம்பரையலகு, அதாவது ஜீன். அது செய்யும் புரதத்துக்கும் அதே பெயர்தான். அந்தப் புரதம் கலத்தின் கருவுக்குள் இருந்துகொண்டு, கலம் தசையாவதற்கு வேண்டிய மற்றப் பரம்பரையலகுகளை வேலைக்கு எழுப்பிவிடும். தாயின் வயிற்றில் பிள்ளையின் கைகால் உருவாகும்போது அதற்கு ஓய்வே இல்லை. தசை உருவாகி முடிந்ததும் அடங்கிவிடும். பிள்ளைகளுக்கு வரும் ஒரு தசைப் புற்றுநோயில் மட்டும் அது அடங்க மறுக்கும். கலங்கள் தசையாகத் தொடங்கிவிட்டு, தசையாகாமலே பெருகிக்கொண்டு போகும். அந்தப் புரதத்தைக் கண்டால் கபில நிறமாகிற ஒரு சாயம் இருக்கிறது. கருக்கள் கபிலமானால், நோய் இன்னதென்று பிடித்துவிடலாம்.

அந்தச் சாயக் குப்பி எங்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது. செய்முறைத் தாளை டொக்டரே தயாரித்தார். எப்படித் தயாரித்தார் தெரியுமா? டெஸ்மின் என்று வேறொரு தசைச் சாயத்துக்கு ஏற்கெனவே தாள் இருந்தது. அதில் பெயரை மட்டும் மாற்றினார். டெஸ்மின் எல்லாத் தசையிலும் பிடிக்கும். அதனால் அதற்குக் கொன்ட்ரோலாக, அதாவது சாயம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூடவே வைக்கும் துண்டாக, சாதாரண தசையை வைக்கலாம். மயோஜெனினுக்கும் அதே வரி அப்படியே வந்துவிட்டது.

எனக்கு எங்கே தெரியும்? தசைச் சாயத்துக்குத் தசையை வைப்பது நியாயமாகத்தான் பட்டது. கழுத்துக் கட்டி ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வந்த நல்ல தசைத் துண்டொன்றைக் கொன்ட்ரோலாக வைத்துச் சாயமிட்டேன். கொன்ட்ரோல் வெள்ளையாக வந்தது. ஒரு புள்ளி கபிலம் இல்லை.

“கொன்ட்ரோல் சரியில்லயெண்டா பேஷன்ட்ர சிலைட்டப் பாக்கப்படா. திருப்பிச் செய்யுங்க” என்றார் டொக்டர்.

திருப்பிச் செய்தேன். மறுபடியும் வெள்ளை. மூன்றாம் தடவையும் வெள்ளை. ஒவ்வொரு தடவையும் மெழுகுக் கட்டியைக் கழற்றி மாட்டி, முகம் நேராகும்வரை சீவி எறிந்து, மூன்றாம் நாள் முடிவில் மெழுகுக்குள் பிள்ளையின் துண்டு தீர்ந்துவிட்டது. உபரிச் சீவல் எடுத்து வைக்காதது என் பிழை. அதை ஒருபோதும் மறைத்ததில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். பிழையாகப் போன சிலைட்டுகளை எறிய வேண்டும் என்பது விதி. எறியுமுன் பிள்ளையின் மூன்று சிலைட்டுகளையும் ஒருக்கால் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். கரு கருவாகக் கபிலம். டொக்டரிடம் ஓடினேன்.

“டொக்டர், கொன்ட்ரோல் வெள்ளதான். ஆனா புள்ளட சிலைட்ல நல்லாப் பிடிச்சிரிக்கி. ஒருக்காப் பாருங்களேன்.”

“கொன்ட்ரோல் இல்லாமப் பிடிச்சது ஊத்தையாயும் இரிக்கலாம். பாக்கலாமெண்டு எழுத்தில இரிக்கா?”

எழுத்தில் இருக்கவில்லை. அவர் பார்க்கவும் இல்லை. மூன்று சிலைட்டையும் பஞ்சில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று ரிப்போர்ட் போனது. துண்டு போதவில்லை, மீண்டும் எடுத்து அனுப்பவும் என்று. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இன்னொரு வரி: எஞ்சிய இழையத்தை உறவினர்கள் அடக்கம் செய்வதற்காகப் பெற்றுச் சென்றுவிட்டனர்.

அதைத் தட்டச்சில் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நடந்தது இதுதான். இரண்டு நாளைக்கு முன் அந்தத் தாய் எங்கள் கவுண்டருக்கு வந்து, “மிஸ், புள்ளட துண்டு மிச்சமிருந்தாத் தாங்களன், அடக்கணும்” என்று கேட்டாள். “ஒண்டுமில்ல தங்கச்சி, சின்னத் துண்டு, எல்லாம் சோதனைக்குப் போயிட்டு” என்றேன். “ஓம், சரி மிஸ்” என்று போய்விட்டாள். டொக்டர் அந்த வழியால் போகும்போது அவள் கேட்டது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. மிச்சத்தை அவரே கற்பனை செய்து எழுதிவிட்டார்.

அடக்கப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். “இஞ்ச பாருங்க டொக்டர், அந்தப் புள்ளட பேரே இதுல இல்ல. நாங்க ஒண்டும் குடுக்கல்ல.”

அவர் பக்கத்தைப் புரட்டினார். “பேர் இல்லாட்டிக் குடுக்கல்லயெண்டு அர்த்தமா? எழுதாமலும் குடுத்திருக்கலாம். குடுக்கல்லயெண்டு எழுத்தில இரிக்கா?”

கொடுக்காததை எந்தப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள்?

வார்ட்டில் அந்த வரியை அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளையை மறுபடி மயக்கி, கையை மறுபடி வெட்ட வேண்டும், அதற்குக் காரணம் நீங்கள்தான் என்று. வார்ட்டில் வைத்தே தகப்பன் கத்தியதாகத் தாதியொருத்தி சொன்னாள். “உன்ட விசர் வேலையால என்ட புள்ளய ரெண்டாந்தரம் அறுக்கப் போறாங்க” என்றாராம். தான் கேட்டதையே ஒரு குற்றமாகத் தாயும் நம்பிவிட்டாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்களெல்லாம் போய்விட்டார்கள். ஆய்வுகூடத்தில் நான் தனியே. அந்தக் குப்பி வந்த பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. தேடினேன். டொக்டர் குப்பியை எடுத்துவிட்டுப் பெட்டியை அடித்தட்டில் எறிந்திருந்தார். உள்ளே, பிரிக்காமல், அதன் மடிப்புக் கூடக் கலையாமல், ஒரு துண்டுத்தாள். எறும்பெழுத்து. உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். மூன்றாம் பந்தியில் இருந்தது: வளர்ந்த சாதாரண தசையில் இந்தச் சாயம் பிடிக்காது. கொன்ட்ரோலாக, ஏற்கெனவே உறுதிசெய்யப்பட்ட இதே வகைப் புற்றுக் கட்டியை வைக்கவும்.

மூன்று தடவையும் சாயம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. வெள்ளையாக வர வேண்டியது வெள்ளையாக வந்திருக்கிறது. கபிலமாக வர வேண்டியது கபிலமாக வந்திருக்கிறது. வாசிக்க வேண்டியதை வாசிக்காத ஒரு மனிதருக்காகப் பிள்ளையின் துண்டை நான் சீவிச் சீவித் தீர்த்திருக்கிறேன்.

அலுமாரியில் பழைய மெழுகுக் கட்டிகளைத் தேடினேன். சில வருடங்களுக்கு முன் கொழும்பில் உறுதிசெய்து திருப்பி அனுப்பிய அதே நோய்க் கட்டியொன்று இருந்தது. அதில் ஒரு சீவல் எடுத்து, அதே குப்பி, அதே முறை, சனிக்கிழமை லீவு நாளில் வந்து சாயமிட்டேன். கருக்கள் அழகாகக் கபிலமாகின.

திங்கட்கிழமை காலை டொக்டரின் மேசையில் துண்டுத்தாளை விரித்து வைத்தேன். சிவப்பு மையால் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தேன். பக்கத்தில் புதிய கொன்ட்ரோலையும் டின்னிலிருந்த பிள்ளையின் மூன்று சிலைட்டுகளையும் வைத்தேன்.

“எழுத்தில இரிக்கி, டொக்டர்” என்றேன்.

அவர் தாளை வாசித்தார். வில்லையைத் துடைத்தார். துடைத்த தாளை நாலாக மடித்தார். ஒவ்வொரு சிலைட்டாகப் பார்த்தார். அரை மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். “சரி. புது ரிப்போர்ட் அடிப்பம்” என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒரு மாற்றம் இல்லை.

புதிய ரிப்போர்ட்டில் நோயின் பெயர் தெளிவாக இருந்தது. இரண்டாம் வெட்டு நின்றது. பிள்ளைக்குக் கொழும்பில் மருந்து தொடங்க ஏற்பாடானது. அதற்காக அவரைப் பாராட்டச் சொல்கிறீர்களா? பாராட்டுகிறேன். ஆனால், “அந்தத் தாய் எடுத்திட்டுப் போகல்லயெண்டும் இதுல ஒரு வரி போடுங்க டொக்டர்” என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: “அது பழைய ரிப்போர்ட். இனி அது எதுக்கு?” செய்முறைத் தாளில் நான் சிவப்பு மையால் திருத்தி ஒப்பத்துக்கு நீட்டியபோது, “அடுத்த முறை புதுசா அடிக்கக்குள்ள பாப்பம்” என்றார். தன் பிழையை வேலையில் திருத்திக்கொள்வார், எழுத்தில் ஒப்புக்கொள்ளமாட்டார். மற்றவர்களிடம் மட்டும் நாள் முழுக்க எழுத்துக் கேட்பார்.

கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டிய சிலைட்டுகளை எடுக்க அந்தத் தாய்தான் வந்தாள். கண் வீங்கியிருந்தது. கவுண்டருக்கு வெளியே வந்து அவள் கையைப் பிடித்தேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். தசை உருவாகி முடிந்தபின் அந்தச் சாயம் தசையில் பிடிக்காது என்பதை எப்படி விளக்குவது என்று நான் தடுமாற, அவளே சொன்னாள்:

“விதைப்புக்கு வந்த ஆள வெட்டு முடிஞ்ச வயல்ல தேடினா ஆம்புடுவானா மிஸ்?”

படிக்காத பொம்புளை. ஒரு தடவை சொன்னதும் விளங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அப்ப நான் கேட்டதால ஒண்டுமில்லயா மிஸ்?”

“ஒண்டுமே இல்ல தங்கச்சி. அல்லாஹ்வுக்காகச் சொல்றன். எங்கட பிழ.”

“எழுதித் தருவீங்களா? அவர் என்ட ஊட்ட விட்டுட்டு அவர்ர உம்மாட ஊட்ட போயிட்டார். நான் வாயால சொன்னா நம்ப மாட்டார். அவர்ர கூடப்பொறந்த காக்காக்குக் காட்டினா அவர் சொல்லிக் கூட்டிவருவார்.”

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவர் பெண் வீட்டில்தான் இருப்பார். அவர் அந்த வீட்டை விட்டுத் தாய் வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய அவமானம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

நான் என்ன செய்தேன்? “எனக்கு எழுத்துத் தர அதிகாரமில்ல தங்கச்சி, டொக்டர்தான் தரணும்” என்றேன். ஒரு தாளும் பேனையும் இருந்தால் முடிகிற வேலை. எனக்கு இடமாற்றப் பயம். வீட்டில் கடைசிப் பிள்ளை அப்போது பாலர் வகுப்பில். “ஓம், சரி மிஸ்” என்றாள், முதல் தடவை சொன்ன அதே மாதிரி. சிலைட்டுப் பெட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள். டொக்டரை விட எனக்கு என் மேல்தான் அதிகக் கோபம், அன்றும் இன்றும்.

போன கிழமை போனை வைத்த பிறகு இரண்டு நாள் கழித்து ருஸ்னா என் வீட்டுக்கு வந்தாள். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் மாறியது.

“மிஸ், நானும் வரிப்பத்தான்சேனைதானே. இந்தக் கதய நாங்க சின்னதுலயே கேட்டிரிக்கம். புள்ளட துண்டக் கொண்டுபோய் அடக்கி, வைத்தியத்தயே கெடுக்கப் பாத்த உம்மா எண்டு. ஆஸ்பத்திரியில ஒண்டும் கேக்கப்படாதெண்டு சொல்றதுக்கு அவங்களத்தான் எடுத்துக் காட்டுவாங்க.”

“அவங்க இரிக்காங்களா?”

“ஓம். எங்கட வளவுக்குப் பின்னால. மாப்புள கன காலத்துக்குப் பொறகு திரும்பி வந்தவர்தான். ஆனா ஒரு பேச்சு வந்தா அத இழுக்காம விடமாட்டார்.”

“மகள்?”

“நல்லா இரிக்காள் மிஸ். கை கொஞ்சம் மெலிவு. அந்தக் கையாலதான் எழுதுறாள், டீச்சருக்குப் படிக்காள்.”

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அதோடு ஆறுகிற கோபமா இது? பிள்ளை பிழைத்துப் படித்து ஆளாகிவிட்டாள். தாய்க்கு எதிரான அந்த ஒரு வரி மட்டும் இன்னும் உயிரோடு ஊருக்குள் திரிகிறது. நான் திருத்திய வரியோ ஒப்பமில்லை என்று செத்துப்போய்விட்டது.

புத்தகத்தின் வரியை ருஸ்னா பார்த்துக்கொள்வாள். துண்டுத்தாளின் பிரதியை அவளிடம் கொடுத்துவிட்டேன். டொக்டர் நவாஸின் இடத்துக்கு வந்திருக்கிற புதிய வைத்தியர் ஒப்பமிடும்வரை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்ற வரியை நான்தான் எழுத வேண்டும். இனி என்னை யாரும் இடமாற்ற முடியாது.

ஆகவே எழுதித் தருகிறேன், தங்கச்சி. உங்கள் மகளின் கையிலிருந்து எடுத்த துண்டில் ஒரு அணுவளவும் நீங்கள் கொண்டுபோகவில்லை. கேட்டீர்கள், இல்லை என்றேன், போய்விட்டீர்கள். அந்தத் துண்டை வெட்டித் தீர்த்தது என் கை. தீர்க்க வைத்தது எங்கள் தாளில் இருந்த ஒரு பிழையான வரி. உங்கள் மேல் எழுதப்பட்டது பொய். பார்த்த அன்றே அது பொய்யென்று எனக்குத் தெரியும், தெரிந்தும் எழுதித் தராமல் இருந்தேன். இதற்குக் கீழே என் முழுப் பெயரையும் ஒப்பத்தையும் வைத்து, ஒரு பிரதியை ருஸ்னாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் கணவருக்கும் அவருடைய காக்காவுக்கும் காட்டுங்கள். எழுத்தில் இருக்கிறதா என்று இனி யாராவது கேட்டால், இருக்கிறது என்று சொல்லுங்கள்.